பெக்காமின் பணம் எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் முன்னாள் கால்பந்து வீரர் டேவிட் பெக்காமைப் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி, கால்பந்துக்கு நம் பத்திரிகைகளில் அவ்வளவு இடம் கிடைப்பதே அபூர்வம். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் பாதிக்கு மேல் வீடு, கார், கைக்கடிகாரம், பச்சை குத்தல் என்றே போய்விட்டது. அழகான முகம், பாடகி மனைவி, கொஞ்சம் அதிர்ஷ்டம், அதனால் ஐயாயிரம் கோடிக்கு மேல் சொத்து என்று ஒரே தாவலில் முடித்துவிட்டார் எழுதியவர். நடுவில் நடந்ததுதான் சுவாரசியமான கதை, அதை விட்டுவிட்டாரே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். பிரிட்டனின் சண்டே டைம்ஸ் 2025ல் வெளியிட்ட பணக்காரர் பட்டியலில் 50 கோடி பவுண்ட் என்று இருந்தது உண்மை, நம் கணக்கில் சுமார் 5,700 கோடி ரூபாய். ஆனால் அது டேவிட், மனைவி விக்டோரியா இருவருக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. உங்கள் கட்டுரை அதை அவர் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டது. தவிர அது வங்கியில் கிடக்கும் பணமும் இல்லை. நிறுவனப் பங்குகள் இன்று விற்றால் என்ன விலை போகும் என்று வெளியாட்கள் போடும் மதிப்பீடு அது. இந்த மாதிரி எண்களை நம்பி ஏமாந்ததற்கு நல்ல உதாரணம் ஆர்செனலில் ஆடிய மாத்யூ ஃப்ளாமினி. அவர் பங்குதாரராக இருக்கும் ஓர் உயிரி வேதிப்பொருள் நிறுவனம் நுழையப்போகும் சந்தையின் மதிப்பு 2,000 கோடி பவுண்ட் என்று செய்தி வந்தது, அடுத்த நாளே அதை அவருடைய சொந்தச் சொத்தாக்கி, உலகிலேயே பணக்காரக் கால்பந்து வீரர் என்று எழுதித் தள்ளினார்கள். இன்றைக்கும் அதை நம்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சரி, அது போகட்டும்.

பெக்காம் பிறந்தது 1975ல், கிழக்கு லண்டனில் லெய்டன்ஸ்டோன் என்ற பகுதி. அப்பாவுக்கு வீடுகளில் சமையலறை அலமாரி பொருத்தும் வேலை, அம்மா முடி திருத்துபவர். அப்பா மான்செஸ்டர் யுனைடெட் பைத்தியம், மகனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் ஒரே உதையைத் திரும்பத் திரும்ப உதைக்கவிட்டவர். பெக்காம் வேகமான ஆட்டக்காரர் கிடையாது. நாலு பேரை ஏமாற்றிக்கொண்டு பந்தோடு ஓடுகிறவரும் இல்லை, இடது காலும் சுமார்தான். அவரிடம் இருந்தது வலது கால், அதில் பந்தை நினைத்த இடத்தில் வளைத்து இறக்கும் வித்தை. அது கூடப் பிறந்ததா பழகியதா என்று கேட்டால், பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் நின்று ஃப்ரீ கிக் அடித்துக்கொண்டிருந்த ஆள் என்று கூட ஆடியவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். 1996 ஆகஸ்டில் அதே மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக ஆடி, விம்பிள்டன் அணிக்கு எதிராக மைதானத்தின் பாதியிலிருந்தே அடித்த கோல்தான் அவரை உலகத்துக்குக் காட்டியது. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், பார்சிலோனா நகரில், பயர்ன் மியூனிக் 1-0 என்று முன்னால் இருக்க, காயத்துக்காகக் கூட்டிக் கொடுத்த நேரத்தில் யுனைடெட் அடித்த இரண்டு கோல்களும் அவருடைய கார்னர் கிக்கில் ஆரம்பித்தவை. முகத்தை வைத்துக்கொண்டு கார்னர் அடிக்க முடியாது.

அதற்கு முந்தைய வருடம்தான் நாடே அவரை வெறுத்தது. 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் சிமியோனேயைக் காலால் தட்டிவிட்டு சிவப்பு அட்டை வாங்கினார், இங்கிலாந்து பெனால்டியில் தோற்றது. லண்டனில் ஒரு மதுக்கடை வாசலில் அவருடைய உருவ பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். வயது அப்போது 23. மூன்று வருடம் கழித்து அதே ஆள் கேப்டனாக, மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில், கிரீஸுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் ஒரு ஃப்ரீ கிக்கை வலைக்குள் வளைத்து அனுப்பி இங்கிலாந்தை 2002 உலகக் கோப்பைக்கு அழைத்துப்போனார். அந்த ஆட்டத்தில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள், கோலை விட அந்த ஓட்டம்தான் எனக்குப் பெரிது. மொத்தம் 115 சர்வதேச ஆட்டங்கள். இங்கிலாந்து, ஸ்பெயின், அமெரிக்கா, பிரான்ஸ் என்று நாலு நாடுகளில் லீக் பட்டம் வென்ற இங்கிலாந்துக்காரர்.

இனி பணத்துக்கு வருகிறேன். 2003ல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணிக்குப் போனபோதே சம்பளத்துக்கு வெளியே வரும் விளம்பர வருமானம் பெரிதாகிவிட்டது, அடிடாஸ் வாழ்நாள் ஒப்பந்தமே போட்டது. இதுவரை உங்கள் கட்டுரை சொல்வது சரி. ஆனால் விளம்பரத்தில் சம்பாதித்தவர்கள் நிறைய பேர் உண்டு, பெக்காமைத் தனியாக நிறுத்துவது 2007ல் அமெரிக்காவுக்குப் போனபோது போட்ட ஒப்பந்தம்.

அப்போது ஐரோப்பாவில் எல்லோரும் சிரித்தார்கள். மாட்ரிட்டின் பயிற்சியாளர் கபெல்லோ, இனி இவர் இங்கே ஆட மாட்டார் என்று அறிவித்தார் (சில வாரங்களில் அவரே திரும்பக் கூப்பிட்டு ஆடவைத்தார், அந்தப் பருவம் ஸ்பெயின் லீக்கான லா லிகா பட்டமும் வந்தது, அது வேறு கதை). எம்எல்எஸ் என்ற அமெரிக்க லீக்கில் மொத்தம் 13 அணிகள், காலி இருக்கைகள். ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது, சுமார் 20 லட்சம் டாலர். இவர் ஒருவருக்கே வருடத்துக்கு 65 லட்சம் டாலர் என்பதால், அந்த வரம்புக்கு வெளியே நட்சத்திர வீரரை வாங்கலாம் என்று விதியையே மாற்றினார்கள். இன்றும் அதை பெக்காம் விதி என்றுதான் சொல்கிறார்கள். பத்திரிகைகள் அன்று போட்ட தலைப்பு 25 கோடி டாலர் ஒப்பந்தம் என்பது. விளம்பரம், ஜெர்சி விற்பனை, வரும் வராத எல்லாவற்றையும் கூட்டிப்போட்ட எண் அது, அதைத்தான் எல்லோரும் பேசினார்கள்.

யாரும் அதிகம் பேசாத ஒரு வரி அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நியூயார்க் தவிர்த்து வேறு எந்த நகரத்திலும், 2.5 கோடி டாலர் கட்டி லீக்கில் புதிதாக ஓர் அணியைத் தொடங்கும் உரிமை. விலை அப்படியே நிற்கும், பிறகு லீக் எவ்வளவு வளர்ந்தாலும் இவருக்கு 2.5 கோடிதான். 2007ல் டொரன்டோ அணி உள்ளே வர ஒரு கோடி டாலர்தான் கட்டியது என்பதால் 2.5 கோடி என்பது அன்று மலிவான விலை என்று சொல்ல முடியாது, அதனால்தானோ என்னவோ லீக்கும் சுலபமாகத் தலையாட்டிவிட்டது. பிறகு நடந்ததைப் பாருங்கள். 2013ல் நியூயார்க்கின் இரண்டாவது அணிக்கு 10 கோடி டாலர். 2019ல் சார்லட் அணிக்கு 32.5 கோடி. 2023ல் சான் டியேகோவுக்கு 50 கோடி. அடுத்த வருடச் சம்பளத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருக்கலாம், தொண்ணூறு சதவீதம் வீரர்கள் அதைத்தான் செய்திருப்பார்கள். இவரும் இவருக்காகப் பேசியவர்களும் பங்கு கேட்டார்கள்.

காகிதத்தில் இருந்த உரிமை தானாகப் பணமாகிவிடவும் இல்லை. 2013 மே மாதம் பாரிஸில் கடைசி ஆட்டம் ஆடினார் (அங்கே வாங்கிய சம்பளத்தைக் குழந்தைகளுக்கான அறப்பணிக்குக் கொடுத்தார்), 2014 பிப்ரவரியில் மயாமியில் அணி தொடங்கப்போகிறேன் என்று அறிவித்தார். அந்தப் பகுதியில் ஏற்கெனவே இருந்த மயாமி ஃப்யூஷன் என்ற அணி ஓட்ட முடியாமல் மூடப்பட்ட ஊர் அது. துறைமுகத்தில் மைதானம் கட்டப் பார்த்தார், உள்ளூர் எதிர்ப்பு. அடுத்தடுத்து வேறு இடங்கள் பார்த்தார், எதுவும் கைகூடவில்லை. 2018ல்தான் அணிக்கு லீக் முறையாக இடம் கொடுத்தது, 2020ல்தான் முதல் ஆட்டம். சொந்த ஊர் ஆட்டங்களும் மயாமிக்கு வெளியே ஃபோர்ட் லாடர்டேலில், மூடிப்போன அந்தப் பழைய அணி ஆடிய அதே இடத்தில் மைதானம் கட்டி. முதல் ஐந்து ஆட்டங்களும் தோல்வி, நடுவில் கொரோனா. 2021ல் வீரர்கள் சம்பள விதியை மீறியதற்காக அணிக்கு 20 லட்சம் டாலர் அபராதம் வேறு. அதே வருடம் பழைய பங்குதாரர்கள் இருவர் விலக, பெக்காமும் மயாமியைச் சேர்ந்த மாஸ் சகோதரர்களும் பிடியை இறுக்கிக்கொண்டார்கள். அறிவிப்புக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவில் ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

அப்புறம் 2023 ஜூலையில் மெஸ்ஸி வந்தார். அணி அப்போது பட்டியலில் கடைசி இடத்தில் இருந்தது, ஒரு மாதத்தில், அமெரிக்க, மெக்சிகோ லீக் அணிகள் மோதும் லீக்ஸ் கோப்பையை வென்றது. இன்று அணியின் மதிப்பை 100 கோடி டாலருக்கு மேல் என்று ஃபோர்ப்ஸ் போடுகிறது. மெஸ்ஸியின் ஒப்பந்தத்திலும் பின்னாளில் அணியில் பங்கு வாங்கும் உரிமை இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம், பெக்காம் திறந்த கதவு வழியாக அவரும் நுழைகிறார்.

இதற்காக அவரை உத்தமர் என்று சொல்ல வரவில்லை. 2022 உலகக் கோப்பைக்குக் கத்தார் அரசிடம் பணம் வாங்கிக்கொண்டு தூதராக நின்றார். அந்த நாட்டுச் சட்டம் ஓரினச் சேர்க்கையாளர்களை எப்படி நடத்துகிறது என்பது தெரியாதவர் இல்லை. 2002லேயே அவர்களுக்கான பத்திரிகையின் அட்டையில் துணிச்சலாகத் தோன்றிப் பாராட்டு வாங்கியவர். கட்டுமானத் தொழிலாளர்கள் அங்கே செத்ததைப் பற்றி, அதில் நம் நாட்டுக்காரர்களும் உண்டு, அவர் எதுவும் சொன்னதாக நான் பார்க்கவில்லை. அதே ஆண்டில் தன் பெயரை வைத்து நடத்திய நிறுவனத்தின் 55 சதவீதத்தை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குக் கைமாற்றினார். 2025ல் சர் பட்டமும் வந்தது. இதில் எது பெருமை, எது வியாபாரம் என்று வாசகரே முடிவு செய்யட்டும், ஆனால் வாசகருக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெக்காம் கேப்டனாக இருந்த 2004 ஐரோப்பியக் கோப்பையில் அவருக்குப் பின்னால் கோல்கீப்பராக நின்றவர் டேவிட் ஜேம்ஸ். இங்கிலாந்துக்கு 53 ஆட்டம் ஆடியவர், இரண்டு பத்தாண்டு பிரீமியர் லீக் சம்பளம் பார்த்தவர். 2014ல் அவர் திவாலானதாக அறிவிக்கப்பட்டார், பழைய ஜெர்சிகள் ஏலத்துக்குப் போயின. இரண்டு பேரும் அணிந்தது ஒரே நாட்டின் சட்டைதான். ஓய்வு பெற்ற வீரரின் சொத்தைப் பற்றி எழுதும்போது இவரையும் பக்கத்தில் வைத்து எழுதியிருந்தால் கட்டுரைக்கு எடை கூடியிருக்கும்.

எங்கள் பகுதியில் பந்து உதைக்கும் பையன்கள் உங்கள் ஞாயிறு இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதைக் கேட்கிறேன், கார் மாடல் பெயர் எல்லாம் மனப்பாடம். ஒப்பந்தம் என்றால் என்ன, அதில் எதைக் கேட்கலாம், பங்குக்கும் சம்பளத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எழுத உங்கள் பொருளாதாரப் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். விளையாட்டுப் பக்கத்தோடு சேர்ந்து ஒரு தொடர் போடுங்கள். அதுவரைக்கும், குறைந்தபட்சம், அடுத்த முறை சொத்து மதிப்பு என்று ஓர் எண்ணைப் போட்டால் அது யார் போட்ட மதிப்பீடு, எந்த வருடத்துக்கு, ஒருவருக்கா இருவருக்கா என்பதையும் அடியில் சின்ன எழுத்திலாவது போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
வியாசர்பாடி, சென்னை.