வாசிகசாலைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: மீன் தேடிய வருடம்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

கூரை இன்னும் ஒழுகுகிறது. விளையாட்டுப் போட்டி மழையால் நடக்கவில்லை. சிரமதானம் ஒரு முறை நடந்தது. சரி, இனி உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். மாதக் கடைசி ஞாயிறுகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் செத்துக் கல்லாகிப்போன கடல் மீன்களைப் பற்றிப் படித்தோம். “மலையில இருந்துக்கிட்டு செத்த மீனுக்கு ஒரு வருசமா?” என்று செயற்குழுவில் கேட்டார்கள். அதற்கான பதில்தான் இந்த அறிக்கை.

ஆரம்பித்து வைத்தது ஒரு கல். தேயிலைக் கொழுந்து மலையில் கான் (வடிகால்) வெட்டும்போது அகப்பட்டதென்று ஒரு பையன் கொண்டுவந்தான். வெயிலில் செதில் செதிலாக மின்னியது. மீன்தான் என்று முதலில் சொன்னவன் நான். பார்த்தால் அது காக்காப்பொன் (மைக்கா). நம் இலங்கை மலைநாட்டுப் பாறை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து நசுங்கி உருமாறியது. கிரெட்டேசியஸ் காலமோ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. எத்தனை கான் வெட்டினாலும் அந்த மீன் இங்கே கிடைக்காது. பையன் முகம் வாடிவிட்டது. கிடைக்கிற இடங்களையாவது தேடுவோம் என்று சுவரில் உலகப் படத்தை மாட்டினோம்.

முதல் குண்டூசி அமெரிக்காவின் கன்சாஸில் குத்தியது. அங்கே ஸிஃபாக்டினஸ் என்ற வேட்டை மீன். 5 மீட்டர் வரை வளரும், கீழ்த்தாடை தூக்கலாக, வாய் நிறையக் கோரைப்பல். 1952இல் புதைபடிவம் தேடும் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் தோண்டியெடுத்த ஒன்றின் வயிற்றுக்குள் ஆள் நீளத்துக்கு இன்னொரு மீன், கில்லிகஸ், முழுசாக இருந்தது. அது செரிக்கும் முன்பே, விழுங்கிய பெரிய மீனும் செத்துப்போயிருக்கிறது. உள்ளே போனது துடித்த துடிப்பில் செத்திருக்கலாம் என்கிறார்கள். இதைக் கேட்ட பொருளாளரின் அப்பாயி, “இத்தன பல்லு இருந்தும் மெல்லத் தெரியலியே” என்றார்.

இரவல் புரொஜெக்டர் இரண்டாம் கூட்டத்திலேயே அணைந்துபோனதால், காலையில் தொழிலாளர் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் சோக்கட்டியால் அந்த மீனை அதன் அளவிலேயே வரைந்தோம். நான்கு பிள்ளைகள் தலையும் காலுமாக அதற்குள் படுத்தார்கள். பின்னேரம் மழை வந்து அழித்துவிட்டது.

அப்புறம் குண்டூசி பரவத் தொடங்கியது. ஸிஃபாக்டினஸுக்குக் கனடா, வெனிசுவேலா, ஆர்ஜென்டினாவின் பட்டகோனியா. அண்ணத்தின் முன்னால் நீண்ட கத்திப் பல் கொண்ட என்கோடஸ் என்ற மீனுக்கு மொரோக்கோவின் பொஸ்பேற் சுரங்கங்கள், லெபனானின் சுண்ணக்கல், ஐரோப்பா, மறுபடியும் வட அமெரிக்கா. ஒரே சாதி மீன் இத்தனை கண்டத்துக் கல்லுக்குள் எப்படிப் போனது? அன்றைக்குத் துருவங்களில் பனி மிகக் குறைவு. கடல் மட்டம் இன்றையதைவிட வெகு உயரம். வட அமெரிக்காவையே இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு கடல் கிடந்தது. கண்டங்களின் மேலேயே வெதுவெதுப்பான ஆழமில்லாத கடல். நன்றாக நீந்தும் மீனுக்கு வேலி ஏது?

எனக்குப் பிடித்த குண்டூசி கடைசியாகக் குத்தியது. திருச்சிக்கு வடக்கே, பெரம்பலூர்ப் பக்கம், காரை என்ற ஊரையொட்டி மழை அரித்த களிமண் மேடுகள் இருக்கின்றன. அங்கே கிரெட்டேசியஸ் சுறாக்களின் பற்கள் கிடைத்திருக்கின்றன. டைக்கோடஸ் என்ற சுறாவின் பல் கடிப்பதற்கானது அல்ல, அம்மி மாதிரி சிப்பியை அரைப்பதற்கானது. புதுச்சேரிப் பக்கத்து மீன் பற்களைப் பற்றி பிலிப் எகர்ட்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1845இலேயே எழுதிவிட்டார். நம்மவர்கள் திருச்சிச் சீமையிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு நடந்துவந்த காலம் அது. அவர்கள் தாண்டிய மன்னார்க் கடலின் அடியிலும் கிரெட்டேசியஸ் படிவு இருக்கிறது. “பூர்வீகம் துறையூர்ப் பக்கம்னு தாத்தா சொல்வாரு” என்று கல் கொண்டுவந்த பையன் எழுந்து வந்து, அந்தக் குண்டூசியைத் தானே குத்தினான். அன்றைக்கு யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை.

வருகிற வருடம் ஒவ்வொரு வீட்டின் பூர்வீக ஊரையும் கேட்டு அதே படத்தில் குறிக்க உத்தேசம். பழைய கடிதம் வைத்திருப்பவர்கள் கொண்டுவரவும். படத்தை மாட்டிய சுவரில் ஈரம் ஊறுவதால் கூரை வேலைக்கு முதலிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். குண்டூசி இரண்டு பெட்டி வாங்கியதைப் பொருளாளர் கணக்கில் வாசிப்பார்.

செயலாளர்