கட்டி இழுக்க விடாதே

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. போன் செய்தால் "அப்புறம் கூப்பிடுறேம்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதித் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். நேற்று ராத்திரி அவன், நீ ஊரில் பிரித்து மாட்டியிருக்கும் தாத்தா டிராக்டர் இன்ஜின் போட்டோவைக் காட்டினான். அவனுக்கு அனுப்பினவள் எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கலாம். சரி, போகட்டும்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா பக்கத்து நிலத்து டிராக்டரைக் கொண்டுவந்து, நம் வண்டியைச் சங்கிலி கட்டி இழுக்கப் போகிறாராம். விடாதே. புது பேரிங் போட்ட இன்ஜின் நீளக் கம்பி மாட்டியும் சுற்றவில்லை என்றால் எங்கேயோ பிடிக்கிறது என்று அர்த்தம். கியரில் போட்டு இழுத்தால் பின்சக்கரம் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கைத் திருப்பியே தீரும். பேரிங்கின் அரை வளையமான ஷெல் இடம் விட்டுச் சுற்றிக்கொள்ளும், அதில் சுற்றும் கிராங்கின் ஜர்னல் கீறிப்போகும், பிஸ்டனைக் கிராங்கோடு சேர்க்கும் கன்ராடு வளைந்தாலும் ஆச்சரியமில்லை. "ரெண்டு சுத்து சுத்தினா ஃப்ரீ ஆயிடும்" என்பார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வைத்தியம்தான். உன் கல்யாணப் பேச்சின்போதும் போகப் போகச் சரியாயிடும் என்றுதான் சொன்னார்.

தாத்தா வண்டி இன்ஜின் எனக்குப் புதிதல்ல. மூன்று சிலிண்டர், போர் என்கிற சிலிண்டர் விட்டம் 3.6 அங்குலம், பிஸ்டன் ஓடும் ஸ்ட்ரோக் 5 அங்குலம், மொத்தம் 152.7 கன அங்குலம். பெர்கின்ஸ்காரன் டிசைன், நம் செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனியில் செய்தது. அங்கே வேலைக்குப் பேப்பர் மில்ஸ் ரோட்டில் சைக்கிள் மிதித்த காலமெல்லாம் என் கை நகத்தில் இருந்தது இந்த இன்ஜின் கருப்புதான்.

எப்போது பிடித்தது என்று தம்பியைக் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுதானே முக்கியம்! கிராங்கைப் பிளாக்கோடு பிடித்து வைக்கும் மெயின் கேப்பை இறுக்கும்போதே கிராங்க் நின்றுவிட்டதா, பிஸ்டன் போட்ட பிறகா, இல்லை ஹெட் ஏற்றிய பிறகா? முழுச் சுற்றும் ஒரே சீராக இறுக்கமாக இருந்தால் புது பிஸ்டன் ரிங்காக இருக்கலாம், பின்பக்க மெயினில் எண்ணெய் ஒழுகாமல் போடும் கயிறு சீலாகவும் இருக்கலாம். அந்தக் கயிற்றை எண்ணெயில் ஊறவைத்துத்தானே போட்டாய்? ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டக்கென்று நின்றால் ஏதோ இடிக்கிறது. வால்வு டைமிங்கைப் பார். பிளாக் முகத்தைச் சீவியிருந்தால் பிஸ்டன் மேலே ஏறி ஹெட்டில் தட்டும். இன்ஜெக்டர் மூன்றையும் கழற்றிவிட்டுச் சுற்று, இல்லையென்றால் கம்ப்ரஷன் உன்னை ஏமாற்றும்.

கிராங்கை மைக்ரோமீட்டர் வைத்து நீயே அளந்தாயாமே. கிரைண்டிங் கடைக்காரன் 10 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, எடுத்தேன் என்று சொல்ல, நீ அளந்து பார்த்து 20 என்று சண்டை போட்டு ஷெல்லை மாற்றி வாங்கினாயாம். தம்பி சொன்னதை அம்மாவிடம் சொன்னேன், கீழ்வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவ்வளவு பார்க்கத் தெரிந்தவள் அடுத்ததில் எப்படிக் கோட்டைவிட்டாய் என்றுதான் புரியவில்லை.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது மெயின் கேப்பில் குத்தியிருக்கும் நம்பர் எதிர்ப்பக்கம் பார்க்கிறது, மற்ற மூன்றும் ஒரே பக்கம். என் கண்ணாடி பழசு, நீ நேரில் பார். கேப்பை பிளாக்கோடு சேர்த்து மாட்டி வைத்துத்தான் துளை போடுவார்கள். அதனால் எந்தக் கேப் எந்த இடத்துக்கு, எந்தப் பக்கம் பார்த்து என்பது பிறந்தபோதே முடிவானது. திருப்பிப் போட்டால் போல்ட் உட்காரும், இறுக்கும் அளவான டார்க்கும் ஏறும், ஆனால் துளை வட்டமாக இருக்காது. மேல் ஷெல், கீழ் ஷெல் இரண்டின் காதும் ஒரே பக்கம் வரவேண்டும், அதையும் பார்த்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்திருந்தார். அம்மா காசிமேட்டிலிருந்து வஞ்சிரம் வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டார், டிவி பார்த்தார், கிளம்பிவிட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. உன் ஹெல்மெட் இன்னும் அவர் வண்டியில்தான் தொங்குகிறது.

கேப்பை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைக்காதே. எல்லா மெயினையும் தளர்த்து. பிறகு ஒன்றை இறுக்கு, சுற்றிப் பார், அடுத்ததை இறுக்கு, மறுபடி சுற்று. எதை இறுக்கும்போது கை கனக்கிறதோ அங்கே நிறுத்திக் கழற்று. ஷெல்லுக்குப் பின்னால் ஒரு மணல் இருந்தாலும் போதும், பிடிக்கும். ஜர்னல் விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தௌ இடைவெளி என்பது எங்கள் பழைய கணக்கு. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரில் எண்ணெய்க் கோடு உள்ள பக்கம் கிராங்கைப் பார்க்கவேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிராங்க் முன்னும் பின்னும் துளி அசையவேண்டும், அசையவே இல்லையென்றால் அங்கேயும் தப்பு. ரிங்கை வெறும் லைனரில், அதாவது சிலிண்டர் குழாயில், தனியாக இறக்கி அதன் வாய் இடைவெளி எவ்வளவு என்று பார்த்தாயா? அங்குலத்துக்கு 3, 4 தௌ, உன் போருக்கு 11லிருந்து 14 வரை. குறைந்தால் இன்று சுற்றும், சூடேறியதும் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் ஒரு நாளில் முடியாது. முடியவேண்டாம். தை அறுவடைக்கு வண்டி ஓடவேண்டும் என்று யார் சொன்னது? ஊரில் எத்தனை நாள் இருக்கப்போகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவள்தான் கேட்கிறாள்.

மாமாவிடம் நான் சொன்னதாகவே சொல், இழுக்கக் கூடாது என்று. கோபித்துக்கொண்டால் என் மேல் கோபித்துக்கொள்ளட்டும்.

தம்பியிடம் இடைவெளி அளக்க ஃபீலர் கேஜும் என் டார்க் ரென்ச்சும் கொடுத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் ரென்ச்சின் அளவைக் கீழே இறக்கி வை, ஸ்பிரிங் கெட்டுப்போகும். கேப் நம்பரை மறுபடி போட்டோ எடுத்து இந்த முறை எனக்கே அனுப்பு. மாப்பிள்ளை அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவரிடம் என்ன சொல்லவேண்டும் என்பதையும் அதோடு எழுதிவிடு.

அப்பா