கரிச்சட்டியை வெளியே வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரியில் உறைபனிக் காலம் தொடங்கிவிட்டது. தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது.

எங்கள் வீட்டிலும் இரும்புச் சட்டியில் கரி மூட்டிக் குளிர் காய்வோம். ஆனால் படுக்கும் முன் அம்மா அதைத் துணி சுற்றிப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய்விடுவார். புகை அடங்கிய தணல்தானே, உள்ளேயே இருக்கட்டும் என்று சிறுவயதில் நான் அழுதிருக்கிறேன். புகை இல்லாத தணலில்தான் ஆபத்தே இருக்கிறது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் விழித்துக்கொள்ள வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். ஜன்னல் இடுக்கில் துணி அடைத்த அறை என்றால் சொல்லவே வேண்டாம்.

இரண்டு கம்பளி, காலுறை, ஒரு வெந்நீர்ப் பை, இவை போதும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. பார்பிக்யூ முடிந்ததும் மிச்சத் தணலை அறைக்குள் எடுத்துப் போய்விடுகிறார்கள். கொடைக்கானலில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. விடுதிக்காரர்கள் சாவி கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். கதவின் உள்பக்கம் தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டட்டும்.

– ஒரு வாசகி, குன்னூர்