பத்தே கார்கள் ஓடிய பந்தயம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபார்முலா ஒன் பருவத் தொடக்கப் பந்தயங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், 1958ஆம் ஆண்டு அர்ஜென்டினா கிராண்ட் பிரீக்கு ஒரே ஒரு வாக்கியம் ஒதுக்கப்பட்டிருந்தது. பத்தே கார்கள் கலந்துகொண்ட அந்தப் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மோஸ் அதிர்ஷ்டவசமாக வென்றார் என்று கட்டுரையாளர் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். பத்து கார்கள் என்பது சரி, வென்றவர் மோஸ் என்பதும் சரி. இவ்விரண்டுக்கும் நடுவே அவர் செருகியிருக்கும் தீர்ப்பைப் படித்துவிட்டு இதழை மூடிவைக்க என்னால் முடியவில்லை.

ஆல்கஹால் கலந்த எரிபொருளுக்குப் பதிலாக விமானப் பெட்ரோலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதி அந்த ஆண்டில் நடைமுறைக்கு வந்ததால், வான்வால், பிஆர்எம் ஆகிய ஆங்கிலேய அணிகள் தங்கள் எஞ்சின்களை மாற்றியமைத்து முடிக்கவில்லை, அதனால் பந்தயம் நடந்த புவெனஸ் அயர்ஸுக்கு வரவும் இல்லை என்பது தாங்கள் அறியாததல்ல. வந்தவர்கள் யார் என்பதையும் கட்டுரையாளர் பார்த்திருக்கலாம். ஐந்து முறை உலக வெற்றியாளரான ஃபான்ஜியோ தம் சொந்த மண்ணில் மசெராட்டியில் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். ஃபெராரிக்காக முஸ்ஸோ, ஹாதார்ன், காலின்ஸ் ஆகிய மூவரும் வந்திருந்தனர். அத்தகைய பந்தயத்தைப் 'பத்தே கார்கள்' என்று தள்ளுவது, மேடையில் அமர்ந்திருக்கும் வித்வான்களை விட்டுவிட்டு அரங்கில் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளை எண்ணிக் கச்சேரிக்கு விமர்சனம் எழுதுவதைப் போன்றது.

ஃபான்ஜியோ, ஃபெராரி அணியினர் ஆகியோரின் கார்களில் இருந்தவை இரண்டரை லிட்டர் எஞ்சின்கள். மோஸ் ஓட்டிய கூப்பர் காரின் எஞ்சின் இரண்டு லிட்டரைக்கூட எட்டவில்லை. அந்தக் காரைக் களமிறக்கியதும் பெரிய தொழிற்சாலை அணியன்று, ராப் வாக்கர் என்ற தனிமனிதர். மற்றவர்களின் சக்கரங்களை நடுவிலுள்ள ஒரே நட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றிவிடலாம். கூப்பரிலோ சக்கரத்துக்கு நான்கு நட்டுகள் என்பதால், டயர் மாற்ற நின்றால் நிமிடக்கணக்கில் பிந்திவிடும். ஆகவே, எண்பது சுற்றுகளையும் நிற்காமலே ஓடி முடிப்பது என்று அந்தச் சிறிய அணி முன்கூட்டியே தீர்மானித்தது. தீர்மானித்ததோடு நில்லாமல், மெக்கானிக் ஆல்ஃப் ஃபிரான்சிஸ் புதிய சக்கரங்களைப் பிட்டில், அதாவது கார்கள் டயர் மாற்ற நிற்கும் இடத்தில், எடுத்து வைத்து, மோஸ் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வருவார் என்று எதிரணியினர் நம்பும்படி செய்தார். ஃபெராரி அணி அதை நம்பிக் காத்திருந்தது. உண்மை புரிந்து முஸ்ஸோ விரட்டத் தொடங்கியபோது சுற்றுகள் போதவில்லை, அவர் 2.7 வினாடிகள் பின்தங்கி இரண்டாவதாக வந்தார். அதற்குள் மோஸின் டயரில் ரப்பர் தேய்ந்து நூல் தெரியத் தொடங்கியிருந்தது. இதைத் திட்டம் என்பதா, துணிச்சல் என்பதா, கைத்திறன் என்பதா என்று வாதிடலாம். தங்கள் கட்டுரையாளருக்கு மட்டும் வேறொன்று தோன்றியிருக்கிறது.

நூல் தெரியும் டயரில் வண்டி ஓட்டுவது என்றால் என்ன என்பதை நான் ஓரளவு அறிவேன். பேருந்துப் பணிமனை ஒன்றின் டயர் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். மலைப்பாதைத் தடத்தில் ஓடிய வண்டி ஒன்று, மாற்று டயர் கொடுக்கப்படாததால் மொட்டை டயரோடு கீழே இறங்கிவந்தது. அந்த ஓட்டுநர் எந்த வளைவிலும் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், கியரிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி, ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாமல் பயணிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். டயரைக் கழற்றிப் பார்த்தபோது, எந்தப் பக்கத்தைக் காப்பாற்ற எப்படி ஓட்டியிருக்கிறார் என்பது அதன் தேய்மானத்திலேயே தெரிந்தது. மேலதிகாரியோ 'உன் நல்ல நேரம்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, டயரைக் கவனிக்கவில்லை என்று அவருக்கே மெமோவும் கொடுத்தார். நாற்காலியில் அமர்ந்து பார்ப்பவர்களுக்கு எல்லாத் திறமையும் நல்ல நேரமாகத்தான் தெரிகிறது போலும். மோஸும் கடைசிச் சுற்றுகளில் தடத்தின் எண்ணெய் படிந்த பகுதிகளைத் தேடிச் சென்று, டயர் சூடேறாமலும் தேயாமலும் பார்த்துக்கொண்டார். வழுக்கும் இடத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து முதலிடத்தைக் காப்பாற்றியவருக்குத் தாங்கள் வழங்கிய பட்டம் அதிர்ஷ்டசாலி.

அதிர்ஷ்டத்தைத்தான் எழுத வேண்டுமென்றால், அதற்கும் இடம் இருந்தது. பந்தயத்தின் தொடக்கத்தில் கூப்பரின் கியர் சிக்கிக்கொண்டு, பிறகு தானாகவே விடுபட்டது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஓர் எழுத்தும் இல்லை. அதே 1958இல் மோஸ் நான்கு பந்தயங்களில் வென்றார், ஹாதார்ன் ஒன்றில் மட்டுமே வென்றார். போர்ச்சுகல் பந்தயத்தில் ஹாதார்னின் தகுதியைப் பறிக்கவிருந்த நடுவர்களிடம் அவருக்காகப் பரிந்து பேசியவரும் மோஸ்தான். ஆண்டின் இறுதியில் உலகப் பட்டம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஹாதார்னுக்குப் போனது. மோஸின் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

இது முதல் முறையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். முன்பு ஒருமுறை தங்கள் இதழில் கூப்பரை உலகின் முதல் பின் எஞ்சின் பந்தயக் கார் என்று எழுதியிருந்தீர்கள். 1930களிலேயே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் கார்கள் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து வெற்றிகள் குவித்தன என்றும், 1950இல் தொடங்கிய உலக வெற்றியாளர் போட்டியில் அத்தகைய கார் வென்றது இந்த அர்ஜென்டினா பந்தயத்தில்தான் முதன்முதலாக என்றும் விளக்கி எழுதினேன். அக்கடிதத்தின் முதல் வரியை மட்டும் எடுத்து, 'கட்டுரை அருமை' என்று என் பாராட்டாக வெளியிட்டீர்கள். பெருந்தன்மைக்கு நன்றி. பிறகு வந்த ஒரு துணுக்கில் மோஸின் எஞ்சின் தீயணைப்பு பம்பிலிருந்து பிறந்ததாகப் படித்தேன். கவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனத்தின் வேறொரு எஞ்சினுக்குத்தான் அந்தப் பூர்வீகம், மோஸின் எஞ்சினோ பந்தயத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. எழுதி என்ன பயன் என்று அப்போது பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்து மொனாக்கோவில் அதே வாக்கரின் கூப்பரில் திரன்தீன்யான் வென்றதையும், 1959, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் கூப்பரை ஓட்டி பிராபம் உலகப் பட்டம் பெற்றதையும், 1961இல் ஃபெராரியே எஞ்சினைப் பின்னால் வைத்து வந்ததையும் தாங்கள் அறிவீர்கள். அந்த மாற்றம் தொடங்கிய நாளுக்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம். விபத்தில் ஓட்டுநர் இறந்த பந்தயங்களுக்கு மட்டும் எப்போதும் முழுப்பக்கம் கிடைத்துவிடுகிறது.

என் வேண்டுகோள் சிறியது. கட்டுரையின் மேலே மோஸின் கூப்பர் என்று அச்சிட்டிருக்கும் படத்தில் இருப்பது வான்வால். எஞ்சின் பின்னால் உள்ள காரைப் பற்றிய வரிக்கு நேர்மேலே, நீண்ட மூக்கில் எஞ்சினைச் சுமக்கும் கார் நிற்கிறது. வாக்கர் அணியின் கருநீலக் காரின் படத்தை, மூக்கில் வெள்ளைப் பட்டையோடு இருக்கும் அந்தப் படத்தை, அடுத்த இதழில் சிறிய அளவிலாவது வெளியிட்டுத் திருத்தம் போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடப் பற்றாக்குறையால் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், பாராட்டாக மட்டும் சுருக்க வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்