இத்தவணைச் செய்திகளும் விலக்குப் படிவம் பற்றிய விளக்கமும்

ஏப்ரல் 17, 2026

மதிப்பிற்குரிய பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். அண்மையில் நோன்புப் பெருநாளையும் உயிர்த்த ஞாயிறையும் சித்திரைப் புத்தாண்டையும் கொண்டாடிய எல்லாக் குடும்பங்களுக்கும் எங்கள் வாழ்த்துகள். மார்ச் விடுமுறைக்குப் பின் பிள்ளைகள் உற்சாகத்தோடு வகுப்புகளுக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஜனவரியில் நடந்த தமிழ் மரபுத் திங்கள் விழா, கூடைப்பந்து அணியின் விளையாட்டுகள், ஆறாம் ஏழாம் வகுப்புகளின் அறிவியல் கண்காட்சி ஆகிய அனைத்தும் சிறப்பாக நிறைவேறின. உழைத்த மாணவர்களையும் ஆசிரியர்களையும் மனமாரப் பாராட்டுகிறேன். அலுவலகத்தின் முன் பெட்டியில் சேர்ந்திருக்கும் கையுறைகளையும் தொப்பிகளையும் மாத முடிவுக்குள் வந்து எடுத்துச் செல்லுங்கள்.

இக்கடிதத்தைத் தமிழ் பேசும் குடும்பங்களுக்கெனத் தனியாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. முதலாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான உடல்நல, உடற்கல்விப் பாடத்திட்டத்தில் ‘மனித வளர்ச்சியும் பாலியல் நலமும்’ என்ற பகுதி மே 11 திங்கட்கிழமை தொடங்கும் என்று சென்ற வாரம் ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தலும், அதனுடன் விலக்குப் படிவமும் உங்களுக்கு அனுப்பியிருந்தோம். அதற்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளையும், வட்ஸ்அப் குழுக்களில் சுற்றி என் கைக்கு வந்து சேர்ந்த குரற்பதிவுகளையும் கேட்டபோது, பல பெற்றோர் தவறான தகவலை நம்பி வீணாகக் கலங்கிப்போயிருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

அந்தப் பதிவுகளில் ஒன்று, பெற்றோர் கையொப்பமிட்டால்தான் பிள்ளை இந்தப் பாடத்தில் அமர்த்தப்படும், கையொப்பமிடாமல் விட்டால் போதும் என்கிறது. அது அல்பேர்ட்டா மாகாணத்தின் நடைமுறை. அங்கே 2025 செப்டம்பர் 1 முதல், பாலியல், பாலின அடையாளம் பற்றிய பாடங்களுக்குப் பெற்றோர் முன்கூட்டிச் சம்மதம் தந்தாக வேண்டும். கனடாவில் கல்வி மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1867 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டமே 93 ஆம் பிரிவில் அதை அவ்வாறு வகுத்திருக்கிறது. ஆகவே அல்பேர்ட்டாவின் கல்கரியில் இருக்கும் உங்கள் சகோதரிக்குப் பொருந்துவது ஸ்காபரோவில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தாது. நம் ஒன்ராறியோ மாகாணத்தில் நடைமுறை நேர்மாறானது. படிவம் வந்து சேராவிட்டால் பிள்ளை பாடத்தில் பங்குபற்றுகிறது என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். விலக்கு வேண்டும் என்பவர்களே படிவத்தை நிரப்பித் தர வேண்டும், அதுவும் பாடம் தொடங்க ஐந்து பாடசாலை நாட்களுக்கு முன், அதாவது மே 4 திங்கட்கிழமைக்குள்.

இந்தக் குழப்பத்துக்குப் பெற்றோரை மட்டும் குறை சொல்ல நான் விரும்பவில்லை. 2015 இல் அன்றைய லிபரல் அரசு புதிய பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது, ரொறன்ரோவின் தோர்ன்கிளிஃப் பார்க் பகுதியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பெற்றோர் வீட்டில் நிறுத்தி எதிர்ப்பைக் காட்டினார்கள். 2018 இல் ஆட்சிக்கு வந்த டக் ஃபோர்ட் அரசு அதை நீக்கிவிட்டு, இப்பகுதியில் 1998 ஆம் ஆண்டுப் பாடங்களுக்குத் திரும்பியது. ஆசிரியர் சங்கம் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. 2019 ஆகஸ்டில் மூன்றாவதாக ஒரு பாடத்திட்டம் வந்தது. அதுவே இன்றும் நடைமுறையில் உள்ளது. ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று முறை மாறிய ஒன்றைப் பற்றி, வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தாயோ தந்தையோ தெளிவில்லாமல் இருப்பது இயல்பே.

எனவே உள்ளதைச் சொல்கிறேன். முதலாம் வகுப்பில் உடலுறுப்புகளின் சரியான பெயர்களைப் பிள்ளைகள் கற்கிறார்கள். யாராவது தகாத முறையில் தொட்டால், எங்கே என்ன நடந்தது என்று பிள்ளை தெளிவாகச் சொல்வதற்கு அது உதவும். நான்காம் ஐந்தாம் வகுப்புகளில் பருவ மாற்றங்கள் பற்றியும் மாதவிடாய் பற்றியும் படிக்கிறார்கள். பாலின அடையாளம் பற்றிய விரிவான கற்றல் எட்டாம் வகுப்பில்தான் வருகிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டப்படுவதாகச் சொல்லி வட்ஸ்அப்பில் சுற்றும் படங்கள் எங்கள் பாடசாலையில் எந்த வகுப்பிலும் பயன்படுத்தப்படுவதில்லை. மகள் பெரியபிள்ளையானதை மண்டபம் எடுத்து, உற்றார் உறவினரை அழைத்துக் கொண்டாடும் வழக்கம் நம்மில் பல குடும்பங்களில் இன்றும் உண்டு. அந்த நாள் வருமுன்பே தன் உடலில் நடக்கப்போவதை அறிந்திருக்கும் பிள்ளை பயமின்றி இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். மகன்மாருக்கோ அந்த அளவுக்குக்கூட யாரும் எதையும் சொல்வதில்லை. இருந்தாலும் முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது. அதை நான் முழுமனதோடு மதிக்கிறேன்.

கல்வி அமைச்சின் 162 ஆம் இலக்கக் கொள்கை அறிவுறுத்தல் அந்த உரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது. சைவரோ கத்தோலிக்கரோ பெந்தகொஸ்தே சபையினரோ இஸ்லாமியரோ, எந்த நம்பிக்கையின் பேரில் விலக்குக் கேட்கிறீர்கள் என்று நாங்கள் விசாரிப்பதில்லை. கோயிலிலிருந்தோ தேவாலயத்திலிருந்தோ பள்ளிவாசலிலிருந்தோ கடிதம் வாங்கி வரவும் தேவையில்லை. பிள்ளை அதே வகுப்பறையில் வேறு வேலை செய்யலாம், மேற்பார்வையோடு பாடசாலையின் வேறோர் இடத்தில் இருக்கலாம், அல்லது அந்த நேரத்துக்கு நீங்கள் வந்து அழைத்துச் செல்லலாம். விலக்குப் பெற்றதற்காக ஒரு புள்ளியும் குறையாது.

அந்த விலக்குக்கு ஓர் எல்லையும் உண்டு. அது இந்தப் பகுதி திட்டமிட்டுக் கற்பிக்கப்படும் நேரத்துக்கு மட்டுமே உரியது. வாசிப்பு வேளையில் இரண்டு தாய்மாரோடு வாழும் பிள்ளையின் கதை வருவதற்கோ, பக்கத்து மேசைப் பிள்ளை தன் குடும்பத்தைப் பற்றிப் பேசுவதற்கோ விலக்குக் கேட்க முடியாது. அந்தப் பிள்ளையும் நம் பிள்ளைதான், அதன் வீட்டைப் பற்றிப் பேச அதற்கும் இடம் வேண்டும். ஹமில்ரனில் ஒரு தந்தையார் தம் மத நம்பிக்கையை முன்வைத்து, இத்தகைய பேச்சு எந்தப் பாடத்தில் வந்தாலும் முன்னறிவித்தல் வேண்டுமென வழக்குத் தொடர்ந்தார். அவருடைய மேன்முறையீட்டை ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017 இல் தள்ளுபடி செய்தது. அதற்கு முன் 2012 இல், கியூபெக்கின் கட்டாய அறநெறி, மதப் பண்பாட்டுப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்ட பெற்றோரின் வழக்கில், வீட்டில் கேளாத கருத்துகளைப் பிள்ளை பாடசாலையில் கேட்க நேர்வதாலேயே பெற்றோரின் மதச் சுதந்திரம் மீறப்பட்டதாகாது என்று கனடிய உச்ச நீதிமன்றம் கருதியது.

இனிச் சொல்லப்போவதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். கடந்த வாரம் மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வாசலில், ஓர் ஆசிரியையை வழிமறித்து, அவருடைய வகுப்புப் பிள்ளைகள் பார்த்திருக்க உரத்த குரலில் ஏசிய சம்பவம் ஒன்று நடந்தது. அடுத்த நாள் காலை நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி, புத்தகப் பையைக் கழற்றாமலே வகுப்பு வாசலில் நின்று, “ரீச்சர், நான் உள்ளே வரலாமா, அம்மாவுக்குக் கோபம் வருமா?” என்று கேட்டாள். இப்படியொரு கேள்வியோடு ஒரு பிள்ளை வாசலில் நிற்கும் நிலை இனி வரக்கூடாது. பாடத்திட்டத்தை வகுப்பது மாகாண அரசு. அதில் உடன்பாடில்லையென்றால் உங்கள் மாகாணசபை உறுப்பினருக்கு எழுதுங்கள், கல்விச் சபைக் கூட்டத்தில் பேசுங்கள். அது உங்கள் உரிமை, தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆசிரியர்களை அவமதிப்பதை நான் அனுமதிக்கப் போவதில்லை. மீண்டும் இவ்வாறு நடந்தால், சம்பந்தப்பட்டவர் முன்னனுமதியின்றிப் பாடசாலை வளவுக்குள் வர முடியாதபடி நடவடிக்கை எடுப்பேன்.

இன்னொன்று, மே 11 தொடங்கி முழு வாரமும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கப் போவதாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இப்பாடம் ஒரு நாளில் சிறிதளவு நேரமே நடக்கும். அதற்காகக் கணிதத்தையும் வாசிப்பையும் நண்பர்களையும் பிள்ளை இழக்க வேண்டியதில்லை. விலக்கு வேண்டுமென்றால் படிவத்தில் ஒரு கையொப்பம் போதும். வேண்டாமென்ற செய்தியைப் பிள்ளையின் வாயால் சொல்லி அனுப்பாதீர்கள், அந்தச் சுமை பெரியவர்களாகிய நம்மோடு இருக்கட்டும்.

ஏப்ரல் 23 வியாழக்கிழமை மாலை 6.30 மணிக்கு நூலகத்தில் தமிழில் ஒரு சந்திப்பை ஒழுங்கு செய்திருக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் கற்பிக்கப்படும் விடயங்களின் முழுப் பட்டியலும், பயன்படுத்தப்படும் படங்களும் நூல்களும் மேசையில் இருக்கும். நீங்களே புரட்டிப் பார்க்கலாம், எந்தக் கேள்வியையும் கேட்கலாம். இரவு வேலைக்குச் செல்பவர்கள் அலுவலகத்தில் சொன்னால் காலையில் நேரம் ஒதுக்கித் தருவேன். தமிழில் நிரப்பப்பட்ட மாதிரிப் படிவமும் அலுவலகத்தில் உண்டு.

அமைதியாக வந்து என்னிடம் விளக்கம் கேட்ட பெற்றோருக்கும், கேள்விப்பட்ட செய்தியைப் பகிருமுன் சரிதானா என்று அழைத்துக் கேட்டவர்களுக்கும், மனம் நொந்திருந்த ஆசிரியைக்கு ஆறுதல் சொல்லிக் கடிதம் எழுதிய குடும்பங்களுக்கும் என் உளமார்ந்த நன்றி. நீங்கள் எழுதிய கடிதங்களை அவர் எனக்கும் வாசித்துக் காட்டினார்.

வியாழக்கிழமை உங்களைச் சந்திக்க ஆவலோடு இருக்கிறேன்.

அன்புடன்,
அதிபர்