அப்பா சுரங்கத்தில் இறங்கிய நாட்களைக் கேட்டு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுரங்க நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் மூன்றாவது கடிதமும் வந்து சேர்ந்தது. முதல் இரண்டில் இருந்த அதே வரிதான்: பொறியாளர் வேலை அலுவலகப் பணி, ஆகவே தூசி நோய்க்கான இழப்பீடு கிடையாது. தேதி மட்டும் மாறியிருக்கிறது.

உங்கள் சுரங்கத்தில் பொறியாளராக இருந்த அப்பா தூசி நோயால் இறந்துபோனார், அதற்கு நான் கேட்ட இழப்பீட்டைத்தான் மறுக்கிறீர்கள். அப்பா எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். கூரையைக் கம்பியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் பாறை விட்டுப்போயிருக்கிறது, உடனே ஆட்களை வெளியேற்று என்று சின்ன வயதிலேயே எனக்குச் சொல்லித் தந்தவர். இது நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதா? வெடி வைத்த பிறகு இடத்தைப் பார்க்க அவரும் போவார். புகை அடங்கியிருக்கும், தூசி அடங்கியிருக்காது. பாறைத் தூசியில் இருந்து நுரையீரலின் அடிவரை போகிற சிலிகாத் துகள் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது ஆளின் பதவியைக் கேட்டுவிட்டா உள்ளே போகிறது? வேலையை விட்டுப் பல வருஷம் கழித்தும் சிலிகோசிஸ், அதாவது சிலிகாத் தூசியால் வரும் அந்த நுரையீரல் நோய், தலைகாட்டும் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டுப் பாருங்கள்.

கடைசி ஒன்றரை வருஷம் அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை. மேசைமேல் தலையணையை வைத்து, உட்கார்ந்தபடியே நெற்றியை அதில் சாய்த்துக்கொள்வார். சட்டைக்குப் பொத்தான் போடுவதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவார், நான் உதவிக்குப் போனால் கையைத் தட்டிவிடுவார். ஒருநாள் மட்டும் தட்டிவிடவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

சுரங்கத்துக்குள் இறங்கிய நாட்களுக்கு அப்போதைய மேலாளரின் கையெழுத்து வேண்டும் என்கிறீர்கள். அந்த மேலாளரும் காலமாகிவிட்டார். கையெழுத்து வாங்க நான் எங்கே போகட்டும்? ஆனால் கீழே இறங்குகிற ஒவ்வொருவரும் விளக்கு அறையில் கேப் லாம்ப், அதாவது தலைக்கவசத்தில் மாட்டும் விளக்கு, வாங்கும்போது அந்த விளக்கின் எண்ணும் வாங்கிய நேரமும் பதிவாகும், மேலே வந்து திருப்பிக் கொடுக்கும்போதும் பதிவாகும். யார் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியாமல் விபத்து நேரத்தில் யாரைத் தேடுவது, அதற்காகத்தானே அந்தப் பதிவேடு. அதன் நகலைத்தான் கேட்கிறேன். இழப்பீட்டைக்கூட அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அப்பா பெயராவது அதில் இருக்கும். ஒப்பந்தக்காரர் கூட்டி வந்து, தூசி அடங்கத் தண்ணீர்கூட விடாமல் காய்ந்த பாறையில் துளை போட வைத்தாரே, அந்த ஆட்களின் பெயரை எந்த ஏட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள்? பாதுகாப்பு வாரத்துக்கு பேனர் கட்டுகிற வேகத்தில் பாதி இருந்தால் போதும், ஒரு பழைய ஏட்டைப் புரட்டிவிடலாம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். அப்பா இறங்கிய நாட்களின் பதிவைத் தயவுசெய்து கொடுங்கள். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன், நானே உட்கார்ந்து தேடிக்கொள்கிறேன். அவருடைய விளக்கு எண் 214.

இப்படிக்கு,
அவருடைய மகள்