அந்தச் சிறுமி யாரிடம் சொல்வாள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2024-க்கு முன் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் 40 வயது வரை நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்ற கலிஃபோர்னியா சட்டத்தைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். அதில் ‘இத்தனை வருஷம் ஏன் வாயே திறக்கவில்லை?’ என்று ஒரு வரி. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்ன கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ, எல் சால்வடோர் குடும்பங்கள். அம்மாவுக்கு ஸ்பானிஷ்தான் தெரியும், மகள்தான் மொழிபெயர்ப்பாள். ஒருநாள் டாக்டர் ஒரு சிறுமியிடம், “வீட்டில் யாராவது உன்னிடம் தப்பாக நடந்துகொள்கிறார்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “என்ன கேட்கிறார்?” என்றார் அம்மா. “நல்லாத் தூங்குறேனான்னு கேட்கிறார்” என்று ஸ்பானிஷில் சொல்லிவிட்டு, அவள் பின்னல் நுனியைத் திருக ஆரம்பித்தாள். அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டல்லவா கேட்டிருக்க வேண்டும்! ஏதாவது நடந்திருந்தாலும் அந்த அறையில் அவள் எப்படிச் சொல்வாள்?

அழுக்குத் துணியை வீட்டுக்குள்ளேயே துவை என்பது அவர்கள் பழமொழி. வாய் திறக்காமல் இருந்தால்தான் நீ அழகு என்று பெண்பிள்ளைகளிடம் செல்லமாகவே சொல்வார்கள். பிள்ளையின் ஞானத்தந்தையை, அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவரை, அப்பா ‘கொம்பாத்ரே’ என்று கூப்பிடுவார். கூடப் பிறந்தவர் மாதிரி. பிள்ளைமேல் கைவைத்தவர் அவராகவே இருந்தால்? சொன்னால் இரண்டு குடும்பம் உடையும். அப்பாவிடம் இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் இல்லாவிட்டால் போலீஸ் என்ற பேச்சே வீட்டில் எடுக்க முடியாது. குற்றத்துக்கு ஆளானவர்கள் இங்கேயே தங்க அனுமதி தரும், 2000-இல் வந்த யூ விசா இருக்கிறது, சரி. ஆனால் வருஷத்துக்கு 10,000 பேருக்குத்தான், வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

குடும்பப் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிள்ளை சொன்னதை வீடு நம்பிவிட்டால், அதே பாசம்தான் அரண். பொலிவியாவின் பிரிசா தே அங்குலோ, தன்னைவிட வயதில் மூத்த கஸின் ஒருவன் செய்த பாலியல் கொடுமையை 16 வயதில் வெளியே சொன்னபோது பெற்றோர் அவள் பக்கம் நின்றார்கள். உள்ளூர் நீதிமன்றங்கள் கைவிட்ட வழக்கில், 2022-இல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் பொலிவிய அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இங்கே ‘ப்ரோமோத்தோரா’ என்று அக்கம்பக்கத்துப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாக இருக்கிறார்கள். சமையலறையில் உட்கார்ந்து, அம்மாக்களோடு அவர்கள் மொழியிலேயே பேசுகிறார்கள். அடுத்த முறை அவர்களைச் சந்தித்து ஒரு கட்டுரை போடுங்கள்.

ஒரு வாசகி,
லாஸ் ஏஞ்சலஸ்